இரவல் அக்காவின் நிலுவை

பல்கலைக்கழக நூலகத்தின் மூன்றாவது மாடியில், பைண்டிங் அறையைத் தாண்டி நடைபாதை முடிகிற இடத்தில் ஓர் அறை இருக்கிறது. கதவுக்கு மேலே ‘நூலகங்களுக்கு இடையேயான இரவல் பிரிவு’ என்று பலகை. அவ்வளவு நீளத்தைப் படிக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? உள்ளே உட்கார்ந்திருப்பவளை மாணவர்கள் இரவல் அக்கா என்று கூப்பிட்டார்கள். கொஞ்ச நாளில் பேராசிரியர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளுக்கு வேறு ஒரு பெயர் இருந்தது சம்பளச் சீட்டில் மட்டும்தான்.

அக்காவுக்கு ஐம்பத்து மூன்று வயது. ஒல்லியான உடம்பு, நடக்கச் சொன்னால் ஓடுகிற ரகம். கையில் ஒரு வேலை பாக்கி இருந்தால் அவளுக்குத் தொண்டையில் தண்ணீர் இறங்காது. இது நல்ல குணம்தானே என்பவர்கள் அவளோடு ஒரே ஒரு நாள் குடித்தனம் நடத்திப் பார்க்க வேண்டும். நாம் சாப்பிட்டு எழுவதற்குள் தட்டைப் பிடுங்கிக் கழுவி விடுவாள். சினிமாவில் கதாநாயகனும் கதாநாயகியும் சமாதானமாகப் போகிறார்கள் என்று தெரிந்ததும் இருட்டிலேயே செருப்பைத் தேடுவாள். வீட்டுக்காரர் அவளுக்கு வைத்த பெயர் எக்ஸ்பிரஸ். அவரோ பல் செட் செய்கிறவர். ஒரு கடைவாய்ப் பல்லை ராவிக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருப்பார். இந்த இரண்டு பேரும் இருபத்தெட்டு வருடம் ஒரே கூரையின் கீழ் எப்படிக் காலம் தள்ளினார்கள் என்பது தனிக் கதை. அதற்குள் போனால் இந்தக் கதை நகராது.

வேலை இதுதான். ஒரு நூலகத்தில் இல்லாத புத்தகம் இன்னொரு நூலகத்தில் இருக்கும். அதற்காக ஒவ்வொரு ஆராய்ச்சி மாணவனும் ரயிலேறிப் போக முடியுமா? அக்காவிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால் போதும். அது எங்கே இருக்கிறது என்று துழாவிக் கண்டுபிடித்து, அங்கே எழுதிக் கேட்டு, வரவழைத்து, கையில் கொடுத்து, கெடு தேதிக்கு ஒரு நாள் முன்பே அவன் விடுதிக்குப் போன் போட்டுத் திரும்பப் பிடுங்கி, பழுப்புத் தாளில் சுற்றி அனுப்பி வைப்பாள். அதே மாதிரி வெளி நூலகங்கள் கேட்டால் இங்கிருந்தும் போகும். ஆனால் அந்தக் காலத்தில் நாம் கேட்டு வாங்கியதுதான் அதிகம், மற்றவர்கள் நம்மிடம் கேட்டது கொஞ்சம்.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வருடத்துக்கு மூவாயிரம் சீட்டுகள் வந்தன. காலையில் அறைக் கதவைத் திறப்பதற்கு முன்பே நாலு பேர் வெளியே நிற்பார்கள். பார்சலைப் பிரிக்கும்போது அக்காவைச் சுற்றிக் கூட்டம் கூடிவிடும். ஒரு தாவரவியல் பேராசிரியர், தனக்கு வந்த புத்தகத்தைக் கையெழுத்துப் போடக்கூட மறந்து, அவள் மேசை ஓரத்தில் நின்றபடியே நாற்பது பக்கம் படித்துவிட்டுத்தான் தலையை நிமிர்த்தினார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அக்கா அன்றைக்கு மதியச் சாப்பாட்டை மறந்துபோனாள்.

பிறகு காலம் மாறியது. கட்டுரைகள் எல்லாம் கணினிக்குள் போயின. நூலகமே சந்தா கட்டிவிட, விடுதிக் கட்டிலில் படுத்தபடியே மாணவர்கள் வேண்டியதை இறக்கிக்கொண்டார்கள். மூவாயிரம் ஆயிரமானது, ஆயிரம் ஐந்நூறானது, போன வருடம் வெறும் இருநூற்றுப் பதினொன்று. அக்கா இதற்காக ஒப்பாரி வைக்கவில்லை. பிள்ளைகளுக்கு நாலு நொடியில் கிடைக்கிற கட்டுரைக்கு நாலு நாள் காத்திருக்கச் சொல்ல அவளுக்கென்ன பைத்தியமா? வேகம் என்றால் அவளுக்குத்தான் முதலில் பிடிக்கும்.

அவளால் தாங்க முடியாதது வெறுங்கைதான். ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்தால் கை நமநமக்கும். அதனால் ஒருநாள் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்கினாள். அங்கே, சக்கரத்தைச் சுற்றினால் நகர்கிற இரும்பு அலமாரிகளில், அறுபது வருடத்துப் பழைய ஆராய்ச்சி இதழ்கள் அச்சுத் தொகுதிகளாகத் தூங்கிக்கொண்டிருந்தன. எல்லா நூலகங்களும் சேர்ந்து வைத்திருக்கும் கூட்டுப் பட்டியலில் அவற்றை யாரும் ஏற்றியதில்லை. அக்கா ஒவ்வொரு தொகுதியாக எடுத்துத் துடைத்து, எந்த இதழ், எந்த வருடம், எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது என்பது வரைக்கும் எழுதி, கணினியில் அடித்து வைத்தாள். யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. ஐந்து வருடத்தில் பட்டியல் நூற்று எண்பது பக்கத்துக்கு வளர்ந்து அவள் கணினியிலேயே கிடந்தது.

இந்த வருடம் புதிய தலைமை நூலகர் வந்தார். நாற்பத்திரண்டு வயது, மடிப்புக் கலையாத சட்டை. நல்ல மனிதர், அதைச் சொல்லியே ஆக வேண்டும். கடைநிலை ஊழியர் வரை எல்லோரையும் குடும்பத்தோடு நலம் விசாரிப்பார். வரைபடங்களை மட்டும் கொஞ்சம் அளவுக்கு மீறி நம்புவார். அக்காவைக் கூப்பிட்டு, கணினியைத் திருப்பி, மாடிப்படியில் உருண்டு விழுந்த மாதிரி இறங்குகிற ஒரு சிவப்புக் கோட்டைக் காட்டினார்.

“மேடம், உங்க மேல ஒரு குறையும் இல்ல. ஆனா கேக்க ஆளே இல்லாத எடத்துல உங்கள உக்கார வெச்சிருக்கறது எனக்குத் தப்பாப் படுது.”

கையிலிருக்கும் கோரிக்கைகள் முடிகிற நாளில் பிரிவை மூடிவிட்டு, அக்கா தேர்வுப் பிரிவில் போய்ச் சேர வேண்டும் என்று உத்தரவு. தேதி போடவில்லை. அன்றைக்கு நிலுவையில் இருந்தவை ஒன்பதே ஒன்பது. இரண்டு நாளில் முடிந்துவிடும், இதற்கு எதற்குத் தேதி என்று நினைத்துவிட்டார்.

தேர்வுப் பிரிவை அக்கா பார்த்திருக்கிறாள். விடைத்தாள்களை எண்ண வேண்டும், கட்ட வேண்டும், அரக்கு வைக்க வேண்டும், மறுபடி எண்ண வேண்டும். அங்கே கட்டைப் பிரித்தால் வேலை போய்விடும். இருபத்தாறு வருடமாகக் கட்டைப் பிரித்துப் பிரித்து ஊருக்குக் கொடுத்த கைக்கு, பிரிக்கவே கூடாத கட்டுகளோடு ஏழு வருடம். மேலே வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அக்கா அழுதாள். அதையும் வேகமாகவே அழுது முடித்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு ஒன்பது கோரிக்கையில் மூன்றை அன்றைக்கே அனுப்பினாள்.

அப்புறம் ஒரு யோசனை வந்தது. நூற்று நாற்பது நூலகங்களோடு இத்தனை வருடம் பழகியாயிற்று. முகம் தெரியாவிட்டாலும் கையெழுத்துத் தெரியும், குணம் தெரியும். தூரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் இரவல் பிரிவில் ஓர் ஆள், எந்தக் கடிதத்தையும் ‘மன்னிக்கவும்’ என்றுதான் ஆரம்பிப்பார். புத்தகம் கேட்டாலும் மன்னிக்கவும், திருப்பி அனுப்பினாலும் மன்னிக்கவும். அவருடைய பெயரே அவளுக்கு மன்னிக்கவும்தான். இவர்களிடம் எல்லாம் ஒரு வார்த்தை சொல்லாமல் கதவைப் பூட்டிக்கொண்டு போவது மரியாதையா? எல்லோருக்கும் சேர்த்து ஒரு மின்னஞ்சல் எழுதினாள். பிரிவு மூடப்படுகிறது, இதுவரை பழகியதற்கு நன்றி, எங்களிடமிருந்து ஏதாவது வேண்டுமானால் இப்போதே கேட்டுவிடுங்கள். என்ன இருக்கிறது என்று தெரியாமல் எப்படிக் கேட்பார்கள் என்று தோன்றியதால், கடிதத்தோடு அந்த நூற்று எண்பது பக்கத்தையும் இணைத்து அனுப்பினாள். பத்துப் பேர் வாழ்த்துச் சொல்லிப் பதில் போடுவார்கள் என்று எதிர்பார்த்தாள்.

மறுநாள் காலை கணினியைத் திறந்தால் எண்பத்து நாலு கோரிக்கைகள். வெள்ளிக்கிழமைக்குள் அறுநூற்று நாற்பது.

நடந்தது இதுதான். கடந்த பத்து வருடத்தில் ஒவ்வொரு நூலகமும், எல்லாம்தான் கணினியில் இருக்கிறதே என்று பழைய அச்சு இதழ்களை எடைக்குப் போட்டிருந்தது. கணினியில் இருப்பது பாதிதான். சந்தாவில் ஒரு குறிப்பிட்ட வருடத்திலிருந்துதான் வரும், அதற்கு முந்தியது எங்குமே கிடைக்காது. நாம் போட்டால் என்ன, பக்கத்து நூலகம் வைத்திருக்காதா என்று எல்லோரும் நினைத்தார்கள். பக்கத்து நூலகமும் அதையேதான் நினைத்தது. வருடக்கணக்காக ‘கிடைக்கவில்லை’ என்று முத்திரை குத்தி மேசைக்குள் போட்டு வைத்திருந்த சீட்டுகளை, அக்காவின் பட்டியலைப் பார்த்ததும் நூற்று நாற்பது பேரும் அள்ளிக்கொண்டு ஓடி வந்துவிட்டார்கள். கடையைக் காலி செய்கிறோம் என்று பலகை மாட்டிய பிறகுதானே தெருவே உள்ளே வரும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மாநாடு கூடியது. நாத்தனார் வந்திருந்தாள். அவளுக்குச் சான்றிதழ் கொடுக்கிற அரசு அலுவலகத்தில் வேலை. விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

“அண்ணி, ஆர்டர்ல தேதியே இல்லையே. நிலுவை முடிஞ்சாத்தானே மூடுவாங்க? முடிக்காதீங்க. ஒரு நாளைக்கு ரெண்டு அனுப்புங்க, போதும். ரிட்டயர் ஆகற வரைக்கும் ஓட்டிடலாம்.”

வீட்டுக்காரரும் தங்கையின் பக்கம்தான். பல் செட்டை இரண்டு நாளில் செய்து கொடுத்தால் ஒருத்தனும் மதிக்க மாட்டான், பதினைந்து நாள் இழுத்தால்தான் வேலை சுத்தம் என்று சொல்லிக்கொண்டு போவான் என்று தன் தொழில் ரகசியத்தை எடுத்து வைத்தார். ஒரு ஃபைலைத் தூங்க வைப்பதற்கு என்னென்ன வழி இருக்கிறது என்று நாத்தனார் ஒரு மணி நேரம் பாடம் எடுத்தாள். சொல்லும்போது அவள் கண்ணில் தெரிந்த பெருமையைப் பார்த்தால், அந்த அலுவலகத்தில் சான்றிதழுக்காக நின்றவர்களுக்கு வயிறு எரிந்திருக்கும்.

அக்காவுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. அந்த அறையை விட்டுப் போக அவளுக்கு மனசே இல்லை. திங்கட்கிழமை காலை, மெதுவாக வேலை பார்ப்பது என்று உறுதியாக முடிவு செய்துகொண்டு போனாள். ஒன்பதரைக்கு ஒரு கோரிக்கையை அனுப்பினாள். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பத்து மணிக்கு எழுந்து ஜன்னல் கம்பியைத் துடைத்தாள். பத்தேகாலுக்குப் பைண்டிங் அறைக்குப் போய் அங்கிருந்தவரிடம் பேச்சுக் கொடுத்து, அவருடைய பசையைக் கலக்கிக் கொடுத்துவிட்டு வந்தாள். பதினொன்றுக்குக் கணினியை ஓரக்கண்ணால் பார்த்தாள். யாரோ ஒரு மாணவி, மூன்று வருடமாகத் தேடுகிறேன், ஆறு பக்கம்தான், கிடைக்குமா என்று கேட்டிருந்தாள். ஆறு பக்கம். கீழே நாலாவது அலமாரி, இடது பக்கம், இரண்டாவது தட்டு. இடம்கூடக் கண்ணுக்குள் நிற்கிறது. பதினொன்றேகாலுக்கு அக்கா நாத்தனாரை மனசுக்குள் வைதுகொண்டு படியில் ஓடினாள்.

அதன் பிறகு யாராலும் அவளைப் பிடிக்க முடியவில்லை. காலையில் ஐம்பது சீட்டை அச்செடுத்து அலமாரி வரிசைப்படி அடுக்குவாள். கீழே போய்த் தள்ளுவண்டி நிறைய தொகுதிகளை எடுத்து வருவாள். ஸ்கேனரின் மிதியைக் காலால் அழுத்திக்கொண்டே கையால் பக்கத்தைத் திருப்புவாள். மிதி, திருப்பு, மிதி, திருப்பு என்று மாலைக்குள் ஐம்பதும் போய்விடும். தூசியில் தும்மினாள், முதுகு வலித்தது, வருடக்கணக்கில் இல்லாத அளவுக்குச் சந்தோஷமாக இருந்தாள். ஓய்வுபெற்ற ஒரு வேதியியல் பேராசிரியை, தான் முதன்முதலில் எழுதிய கட்டுரை தன்னிடமே இல்லை என்று கேட்டிருந்தார். அக்கா அனுப்பிய நாலாவது நிமிடம் பதில் வந்தது. அதில் வார்த்தைகளைவிட எழுத்துப் பிழைதான் அதிகம். கண்ணில் தண்ணீரோடு தட்டச்சு செய்தால் அப்படித்தான் வரும் என்று அக்காவுக்குத் தெரியும். அன்றைக்கு அவளும் மூக்கைச் சிந்திக்கொண்டுதான் வேலை பார்த்தாள்.

இங்கே கேட்டால் மறுநாளே கிடைக்கிறது என்று செய்தி பரவியது. வாரத்துக்கு இருநூறு புதிதாக வந்தது. வர வர அவள் அனுப்பினாள். மேலே வந்து பார்க்கத் தலைமை நூலகருக்கு நேரமில்லை. புதிய வாசிப்புக் கூடம் கட்டுகிற கூட்டங்களில் அவர் மூழ்கியிருந்தார். இரவல் பிரிவில் இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது என்று மட்டும் அவருக்குத் தெரியும்.

ஏழாவது வாரம் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் விடுமுறை தொடங்கியது. புதிய கோரிக்கைகள் குறைந்தன. புதன்கிழமை மதியம் மூன்று நாற்பதுக்குக் கடைசிக் கோரிக்கையையும் அனுப்பிவிட்டு அக்கா நிமிர்ந்தாள். கணினியில் நிலுவை என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் பூஜ்யம் நின்றது. ஆயிரத்து எழுநூற்றுப் பதினாறு கோரிக்கைகள், ஒன்றுகூடப் பாக்கி இல்லை. முதலில் வந்தது சந்தோஷம்தான். அடுத்த நொடி உத்தரவு ஞாபகம் வந்தது.

யாருக்கும் தெரியாது. ஐந்து மணி வரை பேசாமல் உட்கார்ந்திருந்தால் நாளைக்கு எப்படியும் ஒன்றிரண்டு வந்துவிடும். நாத்தனாராக இருந்தால் டீ குடிக்கப் போயிருப்பாள். அக்கா அந்தப் பூஜ்யத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒரு வேலையை முடித்துவிட்டு முடிக்கவில்லை என்று சொல்வது அவளுக்கு வாயில் வராது. சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

தலைமை நூலகர் சாவியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஆயிரத்து எழுநூறு என்று கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். எந்த ஆயிரத்து எழுநூறு, யார் கேட்டது, எப்போது என்று அடுக்கினார். நேரில் பார்க்க வேண்டும் என்றார். லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடியும் ஏறி அவர் மூச்சு வாங்க அறைக்குள் நுழைந்தபோது, கணினியில் நிலுவை ஒன்று என்று இருந்தது.

அக்காவுக்குப் பொய் சொல்லி மாட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. “நான் கீழ வரும்போது இது இல்ல சார்.”

அவர் குனிந்து படித்தார். எழுதியிருந்தவர் நம் மன்னிக்கவும்தான். மன்னிக்கவும், பிரிவை இன்னும் மூடவில்லை என்று நம்புகிறேன். மண்ணியல் மாணவி ஒருத்தி வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். அவளுக்கு வேண்டிய தொகுதி முன்பு எங்களிடம் இருந்தது. மாணவர்கள் உட்கார இடம் வேண்டுமென்று மூன்று வருடத்துக்கு முன்னால் எல்லா அச்சுத் தொகுதிகளையும் எடுத்துவிட்டார்கள்.

தலைமை நூலகர் இரண்டாம் தடவையும் படித்தார். அப்புறம் பக்கத்திலிருந்த ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

“இது நான் முன்னாடி வேலை பாத்த லைப்ரரி. அதையெல்லாம் எடுத்துட்டு சோபா போட்டது நான்தான் மேடம்.”

தெரியும் சார் என்றாள் அக்கா. அங்கிருந்து மட்டும் இருநூற்று முப்பது வந்திருக்கிறது என்றும் சொன்னாள்.

“தெரிஞ்சுமா என்கிட்ட சொல்லல?”

“வேலை இருந்துச்சு சார்.”

அவர் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் அடக்கிக்கொண்டு, அப்புறம் அடக்க முடியாமல், பைண்டிங் அறைக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். அக்காவுக்கும் சிரிப்புத் தொற்றிக்கொண்டது. சோபாவாவது உட்கார வசதியாக இருக்கிறதா என்று அவள் கேட்டு வைத்தாள். அதில் பிள்ளைகள் படுத்துத் தூங்குகிறார்கள் என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

இரண்டு பேருமாகக் கீழ்த்தளத்துக்குப் போனார்கள். மடிப்புக் கலையாத சட்டையோடு அவரே சக்கரத்தைச் சுற்றினார், அவரே தொகுதியைத் தேடி எடுத்தார். தொகுதி அக்கா எழுதி வைத்திருந்த இடத்திலேயே இருந்தது. மேலே வந்து அவர் பக்கத்தைத் திருப்ப, அக்கா மிதியை அழுத்தினாள். நாலே முக்காலுக்கு அது மண்ணியல் மாணவிக்குப் போய்ச் சேர்ந்தது. சட்டை முழுக்கத் தூசியோடு அவர் நின்ற இடத்திலேயே பேச ஆரம்பித்தார்.

“நம்ம ஆளுங்க வாங்கறது கொறஞ்சதப் பாத்தேனே தவிர, ஊரே நம்மகிட்ட வாங்குதுன்னு பாக்கல. இந்தப் பிரிவ மூட வேணாம் மேடம். அந்தப் பட்டியல கூட்டுப் பட்டியல்ல ஏத்திடலாம். உங்களுக்குத் துணைக்கு ஒரு ஆளும் போடறேன். அடுத்த வாரம் ஆர்டர் எழுதித் தரேன்.”

அக்காவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. திரும்பி ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்து அவர் முன்னால் வைத்தாள். தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

“அடுத்த வாரம் வேணாம் சார், இப்பவே எழுதுங்க. எனக்கு நிலுவை வெச்சுப் பழக்கமில்ல.”